வயிறு நிறைந்த பூச்சிகள்

இலையைத் திருப்பினாள், இல்லை. அடுத்த இலையைத் திருப்பினாள், அதில் ஓட்டை இருந்தது, ஓட்டை போட்டதைக் காணோம். அதற்கடுத்த இலையின் முதுகில் ஒரு புழு இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது, பச்சையும் கறுப்புமாகக் கொழுத்து, யாரையும் எதிர்பார்க்காத மாதிரி நிம்மதியாகப் படுத்திருந்தது. சாலம்மா அதை ஒன்றும் செய்யவில்லை. வேறு நாளாக இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவளைக் கேட்காமலே வேலையை முடித்திருக்கும். உயிருள்ள புழு இன்றைக்குக் கணக்கில் வராது. இடது கையில் ஊறுகாய்ப் புட்டியின் மூடி ஒன்றை வைத்திருந்தாள், அதில் மூன்று செத்த புழுக்கள் கிடந்தன. வெறுமனே செத்தவை அல்ல, உறிஞ்சப்பட்டவை. உள்ளே இருந்ததெல்லாம் போய்த் தோல் மட்டும் கறுத்துச் சுருங்கி, பிழிந்து உதறாமல் விட்ட துணி மாதிரி கிடந்தன. மூன்றுதான். பத்து வேண்டும். வெயில் சாய்வதற்குள் பத்து காட்டினால் மருந்து அடிப்பதில்லை என்று புருஷன் மாதையன் சொல்லியிருந்தார். ஐந்து நாளைக்கு முன்னால், புழுவைக் கொல்லும் பூச்சிகள் அடைத்த டப்பாக்களோடு அவள் நின்ற அன்றைக்கு, அவளைப் பார்க்காமல் குடைமிளகாய்ச் செடிகளைப் பார்த்தபடி சொன்னது. "அஞ்சு நாள் தரேன். அஞ்சாம் நாள் சாயங்காலத்துக்குள்ள இதுங்க கொன்ன புழு பத்து எடுத்தாந்து என் கையில குடு. இல்லன்னா நான் டேங்க மாட்டிக்கினு உள்ள போயிடுவேன். அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது." சரி என்று தலையாட்டியது அவள்தான், புருஷன் எதுவும் வற்புறுத்தவில்லை. இன்றைக்கு ஐந்தாம் நாள். இது ஆறாவது பாத்தி. மொத்தம் பத்துப் பாத்தி. வெளியே, கதவை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மத்தியானச் சோற்றுக் கேரியர் கதவுக்கால் ஆணியில் திறக்காமல் தொங்கியது. மருந்து நாளில் அவர் மத்தியானச் சோறு தின்பதில்லை. அடித்து முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, வேறு வேட்டி கட்டிய பிறகுதான் கேரியரில் கை வைப்பார், எத்தனை மணி ஆனாலும். உள்ளே வரும்போது அந்தக் கேரியரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

பாலிஹவுஸுக்குள் மூன்று மணி வெயில் வெயிலாகவே இருப்பதில்லை. மேலே மூடிய பிளாஸ்டிக் தாளில் பட்டுப் பாலாகக் கலங்கி எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக இறங்குகிறது, நிழல் என்று ஒன்று விழுவதில்லை. காலுக்குக் கீழே தன் நிழலைக் காணாமல் நடப்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்குப் பழகவில்லை, நடப்பது தான்தானா என்று இருக்கும். நூலில் தூக்கிக் கட்டிய செடிகள் அவள் தலைக்கு மேல் ஒரு முழம் போய்விட்டன. காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புகிற நேரம். நல்ல காய்கள். பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அவர் ஒவ்வொரு கிளையையும் நூலில் சுற்றிவிட்டது இவளுக்குத் தெரியும். அந்தக் காய்களின் காம்படியில்தான் துளை இருக்கிறது, துளை வாயில் ஈரமாக எச்சம். காலையில் வந்து அதைப் பார்க்கும்போது அவர் முகம் போகிற போக்கும் தெரியும். மருந்தின் மேல் அவருக்கு ஆசையா என்ன. கண் முன்னால் செடியைத் தின்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அது நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அநியாயமாக இருந்தால் கத்தலாம். அடுத்த இலை. இல்லை. வெளியே 'ர்ரீ' என்று மோட்டார் எழுந்தது, சாலம்மாவின் கை இலையிலேயே நின்றது. எழுந்தது, இரண்டு மூச்சு இருந்தது, அடங்கியது. பேட்டரியைச் சோதிக்கிறார். மறுபடி கை நகர்ந்தது. சும்மா சோதிக்கிறார். மோட்டார் சத்தம் ஒன்றும் செய்யாது, நகர்கிற சத்தம் ஒன்றும் செய்யாது.

நகராத சத்தம்தான். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்கும் பாலிஹவுஸுக்கும் நடுவில் ஒரு வேலி, நாலு வாழை. முதல் பாத்தியில் ஆரம்பித்த சத்தம் போகப் போகத் தேய்ந்து, திரும்பும்போது பெருகி, மறுபடி தேய்ந்து, ஒரு ஆள் நடப்பதைக் காதால் பார்க்கிற மாதிரி இருந்தது. நாலாவது பாத்தியோ ஐந்தாவதோ, பாதி வழியில் சத்தம் நின்றது. அடங்கிவிடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்து இரைந்தது. அங்கே புழு அதிகம் போலிருக்கிறது, நின்று அடிக்கிறார் என்று நினைத்தாள். நன்றாக அடிக்கட்டும் என்றுகூட நினைத்தாள். கோபத்தில் இருந்தாள். அவள் அண்ணன் மகள் பெரியவளானதற்குச் சடங்கு வைத்திருந்தார்கள், அத்தை முறைச் சீரோடு இவர்கள் போவதாக இருந்தது, புடவைகூட எடுத்தாயிற்று, விடிந்ததும் இவர் புழுவைக் காட்டி வர முடியாது என்றுவிட்டார். "புழுவுக்கு நாள் நட்சத்திரம் தெரியுமா?" என்றார். அவள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. களி கிண்டவில்லை, பழைய சோறுகூட எடுத்து வைக்கவில்லை. அவர் சமையல்கட்டு வரை வந்து, அடுப்பில் இருந்த சாம்பலைப் பார்த்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். போனவர் முதுகில் டேங்கு. சத்தம் நின்ற இடத்தில் நின்றது. எவ்வளவு நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? கையில் தலைவாரும் சீப்பு இருந்தது. சீப்பில் சிக்கின முடியை விரலில் சுற்றி எடுத்தாள், சுற்றின முடியைச் சுவர் இடுக்கில் செருகினாள், மறுபடி வாரினாள். அவ்வளவு நேரம். அதை எத்தனை தடவை மனசுக்குள் வாரிப் பார்த்துவிட்டாள், ஒருமுறை ஐந்து நிமிஷம் வருகிறது, ஒருமுறை கால் மணி வருகிறது. அரை மணி வந்த நாளும் உண்டு. இலை. இதில் இருக்கிறது. கீழ்நுனியில் தலைகீழாகத் தொங்கியது, தொட்டால் உதிர்ந்துவிடும்போல, நகத்தால் வழித்து மூடியில் போட்டாள். நாலு.

நாலு என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே யாருமில்லை, சொல்லலாம். அன்றைக்குச் சீப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து பார்த்தாள். டேங்கு முதுகில் இருக்க ஒருக்களித்துக் கிடந்தார், மருந்துக் குழல் தானாக மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. கண் திறந்திருந்தது, கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கி எங்கோ பார்த்தது. இரண்டு கதவு இந்தப் பாலிஹவுஸுக்கு, வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று, பூச்சி புகாமல் இருக்க. உள்கதவு ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. ஒரு கையால் அவரை அக்குளில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அந்த ஜிப்பை இழுத்த இழுப்பில் பெருவிரல் நகம் பெயர்ந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் வலித்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஊசி போடப் போட அவருக்குப் புத்தி பேதலித்து, வெள்ளைப் போர்வை மேல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், "இந்தா புழு, இந்தா புழு" என்று இல்லாததைப் பொறுக்கி இவள் உள்ளங்கையில் போட்டார். நர்சு அவர் கைகளைக் கட்டிலோடு கட்ட வந்தபோது, கட்ட வேண்டாம் என்று இவள் ராத்திரியெல்லாம் உள்ளங்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போடட்டும் என்று. அதற்கும் முன்னால், கொண்டுபோன அன்றைக்கே, டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், "காலையில ஏதாச்சும் சாப்பிட்டாராம்மா?" உடனே சொன்னாள். "சாப்பிட்டாருங்க. களி." பக்கத்து ஸ்ட்ரெச்சரில் அவர் கிடந்தார், மூச்சு இரைத்துக்கொண்டு. எதற்குச் சொன்னாள், தெரியவில்லை. வெறும் வயிறு என்றால் விஷம் சுருக்க ஏறும் என்று யாரோ பின்னால் சொன்னார்கள், அப்போது அவளுக்கு அது தெரியாது. அடுப்பு மூட்டாத பெண்டாட்டி என்று அந்த டாக்டர் நினைத்துவிடுவாரே என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்திலும். ஏழாவது பாத்தி.

ஏழாவது பாத்தியில்தான் முதல் டப்பாவைத் திறந்துவிட்டாள். செடித்தண்டில் அவை ஏறிப் போன வழியைக்கூட இப்போதும் காட்டுவாள். மிளகு அளவு, சிவப்பும் கறுப்பும், ஓடும்போது முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஊசி வாய் தெரியாது, புழு எதிர்ப்பட்டால்தான் அதை நீட்டும். பூச்சி மையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த அருள்ஜோதி, பேன்ட் சட்டை போட்ட ஒல்லிப் பெண், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். "நாவாய்ப்பூச்சின்னு சொல்வோம்க்கா. எலை தின்னாது, காய் தின்னாது. புழுவக் குத்தி உறிஞ்சும், அது மட்டும்தான். ரெண்டு டப்பா, ஒண்ணுல அம்பது. ஆனா ஒண்ணு சொல்றேன், அத மட்டும் மறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டுத்தான் விடணும். வயிறு நெறஞ்சிருந்தா வேட்டைக்கு எறங்காது, எங்கயாவது ஒண்டிக்கினு கெடக்கும்." பட்டினி போடணுமா என்று கேட்டாள் சாலம்மா. "ஒரு நாள்தான்க்கா. ஒண்ணும் ஆவாது." டப்பாக்களை வீட்டில் கட்டிலுக்கடியில், குளிர்ச்சியாக, ஈரத்துணி போட்டு வைத்தாள். அடுத்த நாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்று இன்னொன்றைக் குத்திப் பிடித்திருந்தது. தன் கூட வந்ததை, தன்னை மாதிரியே சிவப்பும் கறுப்புமாக இருப்பதை. பிடிபட்டது இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. டப்பாவின் மூலையில் ஏற்கெனவே இரண்டு தோல்கள். மற்றதெல்லாம் ஓடவில்லை, சுவரோடு சுவராக, ஒன்றுக்கொன்று தள்ளி நின்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மாதிரி ஒரு வீட்டைத் தான் எங்கேயோ பார்த்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. டப்பாவை மூடினாள். பாலிஹவுஸுக்குப் போனாள். முந்தானையில் இருபது புழுவைப் பொறுக்கினாள், பிஞ்சாக, இளசாகப் பார்த்துப் பொறுக்கினாள். கொண்டுவந்து டப்பாவுக்குப் பத்தாகப் போட்டாள்.

தின்றன. ஒரு புழுவுக்கு இரண்டு மூன்று பேராக மொய்த்து, ஊசியை இறக்கி, அசையாமல் நின்று உறிஞ்சின. வயிறு கண்ணெதிரே உப்பியது. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பஸ் ஏறப் போகிறவர்களை உட்காரவைத்து இன்னொரு கரண்டி போட்டு அனுப்பிய மாதிரி. அந்தச் சாயங்காலமே கொண்டுபோய் விட்டாள். விட்டதும் ஏறின, ஏறி அவரவர் இடம் பார்த்து, தண்டுக் கவட்டையில், நூல் முடிச்சில், காய்க் காம்பில் உட்கார்ந்தன. உட்கார்ந்ததுதான். அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தன, அதற்கடுத்த நாளும். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிற சம்பந்தக்காரர்கள் மாதிரி. புழுக்கள் அவற்றின் மூக்குக்கு முன்னாலேயே ஊர்ந்து போயின. மாதையன் மூன்றாம் நாள் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "உன் ஆளுங்க தூங்கறாங்க பாரு. பாய் தலையாணி ஏதாச்சும் கொண்டாந்து போடறதா?" என்றார். அடுத்த பாலிஹவுஸ்காரன் முனிரத்தினமும் கூட வந்திருந்தான், அவன் வேறு ஆரம்பித்தான். "புழுவப் புடிக்கப் பூச்சி வுட்டிருக்கீங்க. நாளைக்குப் பூச்சியப் புடிக்கப் பல்லி வுடுவீங்களா அண்ணி? அப்பறம் பல்லியப் புடிக்கப் பூனை. சந்தைக்குக் குடமிளகா அனுப்புறதுக்கு முன்ன உங்க மூட்டையில இருந்து புலி எறங்கப் போவுது." இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பில்கூட ஒரு நிம்மதி இருந்தது, அவள் செய்ததைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர. இன்று காலை அருள்ஜோதிக்குப் போன் போட்டாள், ஒண்ணும் சரியா வேட்டையாடலையே கண்ணு என்று. "பட்டினி போட்டீங்கல்லக்கா?" என்று அவள் கேட்டாள். இவள் உடனே சொன்னாள், "போட்டேன்." அன்றைக்குச் சாப்பிடாதவரைச் சாப்பிட்டார் என்றாள், இன்றைக்குச் சாப்பிட்டவற்றைச் சாப்பிடவில்லை என்றாள். அது என்ன நாக்கோ. "அப்பறம் ஏன்னு தெரியலையே. ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கக்கா" என்று அந்தப் பெண் கவலையாகச் சொன்னாள். இரண்டு நாள். வயிறு நிறைந்து வீணாகப் போனதும் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளை அவரிடம் கேட்டு வாங்கலாம். கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்று சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன. சும்மா சொல்லிப் பார்த்தாள், உதட்டுக்குள். நான்தான் அதுங்களுக்குத் தீனி போட்டேன். சொன்னதும் அது பெரிதாகிவிட்டது. இத்தனை வாதாடினாளே, படித்த பெண் சொன்னபடி செய்கிறேன், எல்லாம் முறையாகச் செய்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள் என்று. இவள் பேச்சை நம்பி ஐந்து நாள் செடியைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார். ஒரு நாள் பட்டினி, அதைக்கூடச் செய்யத் தெரியவில்லை என்பார். என்றால் பரவாயில்லை. ஏன் போட்டாய் என்று கேட்டால்? அதற்குப் பதில் டப்பாவில் இல்லை, அடுப்புச் சாம்பலில் இருக்கிறது. எட்டாவது பாத்தி. இல்லை, இல்லை, இருக்கிறது. ஐந்து. அதே செடியில் நூலோடு ஒட்டி இன்னொன்று, ஆறு. மேலே பார்த்தாள், ஆகாயம் தெரியாது, தாள்தான் தெரியும், அந்தத் தாளின் வெள்ளை லேசாக மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. நேரம் போகிறது. உயிருள்ள புழு ஒன்று காயின் தோளில் படுத்திருந்தது. சாலம்மா நின்றாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். ஊசிதானே, பூச்சியும் ஊசிதான் போடுகிறது. ஊக்கை நிமிர்த்திப் புழுவின் இடுப்பில் குத்தினாள். பச்சைத் தண்ணீர் விரலில் தெறித்தது. புழு சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டு, அவளிடம் ஏதோ சொல்வது மாதிரி தலையை அப்படியும் இப்படியும் ஆட்டியது. குண்டாகத்தான் இருந்தது. குத்தினால் போதாது, குடிக்கத் தெரிய வேண்டும். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், புழுவைப் பற்றி அவருக்குத் தெரியாததா. புழுவை மண்ணில் போட்டுக் காலால் ஒரே மிதியாக மிதித்தாள், கெடுதல் செய்தாகிவிட்டது, அதை இழுக்கவாவது கூடாது. ஊக்கைப் புடவையில் துடைத்துக் கயிற்றில் மாட்டினாள். மாட்டும்போது ஊக்கு இரண்டு தடவை நழுவியது. அவருக்குத்தான் கை நடுங்கும். அன்றைக்குப் பிறகு இடது கட்டைவிரல் ஒன்று சொன்னபடி கேட்பதில்லை, யாராவது வந்தால் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார், டீக்கடையில் டம்ளரை வலது கையாலேயே வாங்குவார். நூலில் செடியைச் சுற்றும்போது மட்டும் அந்த விரல் எப்படியோ அடங்கிக் கிடக்கும். அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் பக்கத்துப் பாத்தியில் வேலை இருப்பதுபோல வந்து நிற்பாள்.

ஒன்பதாவது பாத்தியின் பாதியில் அதைப் பார்த்தாள். செத்ததை அல்ல, நடப்பதை. ஒரு பூச்சி, தோல் உரித்து இரண்டு மடங்கு பெருத்திருந்தது, இலைக்கு அடியில் தலைகீழாக நின்று மிகவும் மெதுவாக, ஒரு கால் வைத்து யோசித்து அடுத்த கால் வைத்து நகர்ந்தது. எதிரே அதைவிட நாலு மடங்கு பெரிய புழு, இலையின் ஓரத்தைக் கடகடவென்று தின்றுகொண்டிருந்தது. சாலம்மா மூச்சை விடவில்லை. பூச்சி ஊசியை நீட்டியது. நீட்டிக்கொண்டு நின்றது, தொடவில்லை. பசி வந்துவிட்டது இவற்றுக்கு, இப்போதுதான் வந்திருக்கிறது. போ, என்றாள் மனசுக்குள், போ கண்ணு. குத்தியது. புழு துள்ளி இலையை விட்டு விழுந்தது, ஆனால் கீழே போகவில்லை, ஊசியில் மாட்டிக் காற்றில் தொங்கியது, அத்தனை பெரிய உடம்பு அந்த மயிரிழையில் தொங்கித் திமிறியது, பூச்சி பின்னங்கால்களை இலையில் ஊன்றி அப்படியே பிடித்துக்கொண்டது. விடவில்லை. தூக்க முடியாத ஆளை அக்குளில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்துக்கொண்டு. இது ஒன்றைக் கூட்டினால் ஏழு, இது சாக இன்னும் நேரமாகும், ஆனாலும் ஏழு. இந்தப் பாத்தியில் பாதி, பத்தாவது முழுசு, மூன்று கிடைக்காதா. கிடைத்துவிடும். இலையோடு கிள்ளி எடுத்தாள், பூச்சி விழாமல், புழு விழாமல், இலையைத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டாள். அடுத்த செடிக்குக் கை நீட்டினாள். வெளியே மோட்டார் எழுந்தது.

எழுந்தது, இரண்டு மூச்சு ஆயிற்று, மூன்று ஆயிற்று, அடங்கவில்லை. சோதிக்கிறார். நாலு. சோதித்தது போதுமே. சத்தம் தேயவில்லை, பெருகவில்லை, ஒரே இடத்தில் நின்று இரைந்தது. நின்று அடிக்கிறார், என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது, சீப்பில் சிக்கின முடியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னது. வெளியேதானே இருக்கிறார். மருந்துப் பாட்டிலைத் திறந்திருப்பாரோ. கலக்கும்போதுதான் ஆவி முகத்தில் அடிக்கும், பாத்தியில் அடிப்பதைவிட அதுதான் மோசம் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் காலையில் தின்ற களி, அது இந்நேரம் எங்கே இருக்கும். சத்தம் நின்ற இடத்தில் நின்றது. பத்தாவது பாத்தி அப்படியே கிடந்தது, மூன்று கிடைக்கக்கூடிய பாத்தி. சாலம்மா ஓடினாள். மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையில் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நூல்கள் முகத்தில் அடிக்க ஓடினாள். உள்கதவு. ஜிப் வழுக்கிக்கொண்டு திறந்தது, இன்றைக்கு ஏனோ திறந்தது. வெளிக்கதவைத் தோளால் தள்ளினாள்.

மாதையன் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பிரேயர் பக்கத்தில் தரையில் இருந்தது, வெறும் தண்ணீர்தான் குழல் வழியாகத் தொட்டியோரப் புல்லில் சிதறிக்கொண்டிருந்தது. மருந்துப் பாட்டில் சுவர் மேல் முத்திரை கழலாமல் இருந்தது. வலது கையில் குழல் முனையைப் பிடித்து, இடது கையால் அதைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தார், கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். "என்னாத்துக்கு இப்பிடி ஓடியாற? பாம்பு கீம்பா?"

மூச்சு வாங்கியது. "சத்தம்," என்றாள். "சத்தம் நின்ன எடத்துலயே நின்னுச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து சுவிட்சைத் தட்டினார். மோட்டார் அடங்கியதும் வாழையிலைகள் உரசுவது கேட்டது.

மூடியை அவர் முன்னால் தொட்டிச் சுவர்மேல் வைத்தாள். இலையையும் பக்கத்தில் வைத்தாள், புழு இப்போது அசைவதை விட்டிருந்தது, பூச்சி விடவில்லை. அவர் விரலால் தொடாமல் கண்ணால் எண்ணினார். "ஏழு."

"ஆமா."

"பத்து சொன்னேன்."

"ஆமா. ஒண்ணரப் பாத்தி பாக்கல." இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள், நினைத்தபோதே சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுங்க மேல தப்பில்லைங்க. விடறதுக்கு முன்ன நான் தீனி போட்டுட்டேன். ஒரு நாள் பட்டினி போடச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. என்னால முடியல. டப்பாவுக்குப் பத்துப் புழு பொறுக்கிப் போட்டேன்."

"பொறுக்கிப் போட்டியா?"

"இளசாப் பாத்து."

அவர் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தையா என்று தெரியவில்லை. "அதான் ரெண்டு நாளா ஏப்பம் விட்டுக்கினு கெடந்துச்சுங்களா எல்லாம். நானும் சீக்குப் பூச்சிய நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு நெனச்சேன்." குழல் முனையை மறுபடி திருகிப் பார்த்தார். "பட்டினியாத்தான் விடணும்னு சொன்னா விட வேண்டிதானே."

"பட்டினியா அனுப்ப முடியல," என்றாள் சாலம்மா. அவர் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கி நான் அடுப்பு மூட்டல. டாக்டர்கிட்ட மூட்டுனேன்னு சொன்னேன்."

"களின்னு சொன்ன," என்றார் மாதையன்.

அவள் தலை நிமிரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்குக் காது கேட்டிருக்கிறது. மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறது. அவர் முனையைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். "மண்ணு அடைச்சிக்கினு இருக்குது," என்றார், "எங்கேருந்துதான் வருதோ." அதைத் தொட்டிச் சுவர்மேல், மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். பூச்சியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "எத்தனாம் பாத்தியில இருந்துச்சு இது?"

"ஒம்போது."

"அங்கயே கொண்டு போயி வை. தீனியோடவே வை, புடுங்கிடாத." எழுந்தார், முட்டி நெட்டி முறிந்தது. "அப்பிடியே தெக்கு ஓரத்து நூலு ஒண்ணு அவிஞ்சி கெடக்குது, காலையிலயே பாத்தேன்."

சாலம்மா இலையை எடுத்தாள். மஞ்சள் வெளிச்சம் தாளின் மேல் படர்ந்திருந்தது, காற்றில் தாள் ஒருமுறை புடைத்துத் தணிந்தது. வெளிக்கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தவள், சாத்துவதற்காகத் திரும்பினாள். குழாயடியில் மாதையன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினார், துண்டில் துடைத்தார், கதவுக்கால் ஆணியிலிருந்து கேரியரை எடுத்துப் பக்கெட்டின் மேல் வைத்து, பிடியை விலக்கி, மேல் தட்டைக் கழற்றினார்.